கொடிக் கயிறும் குழந்தைகளும்



உங்கள் வீட்டில் உடுப்புக் காயப்போடும் கொடி எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே கட்டப்பட்டிருக்கிறது? அது கயிறா, கம்பியா? கட்டியபின் மிஞ்சிய முனை எங்கே தொங்குகிறது? எழுந்துபோய்ப் பார்க்காமல் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடிகிறதா? நம்மில் பலரால் முடியாது. நாள்தோறும் கைபடும் பொருள்தான். ஆனால் அடுப்பையும் அரிவாளையும் பார்ப்பதுபோல் கொடியை நாம் பார்ப்பதில்லை. ஆபத்தான பொருள்களின் பட்டியலில் அதற்கு இடமே கொடுத்ததில்லை.

வேலணையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது. நல்ல விசாலமான வளவு. ஒரு பக்கம் கிளுவை வேலி, பின்புறம் கிணறு, கிணற்றடியில் ஒரு முருங்கை. அந்த வீட்டு அக்கா அயலவர்களின் சின்னப் பிள்ளைகள் மூன்று பேரைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். ஒரு பிள்ளையின் தாய் ஆசிரியை. காலையில் பிள்ளையை விட்டுவிட்டு பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸைப் பிடிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து கூட்டிப்போவார். அந்தப் பிள்ளைக்கு அப்போது வயது மூன்று.

ஒருநாள் காலை அக்கா உடுப்புத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். முருங்கையிலிருந்து வீட்டுத் தூண்வரை நைலோன் கயிறு. கட்டியபின் மிஞ்சிய முழத்துக்கு மேற்பட்ட கயிற்றை வெட்டாமல், பிறகு எதற்காவது உதவும் என்று வளையமாக முடிந்து தூணோடு தொங்கவிட்டிருந்தார். பிள்ளைகள் ஈரச் சேலைகளுக்கு நடுவே ஒளித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு வாளி உருளும் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததுதான் தன்னை ஓடவைத்தது என்று அக்கா சொன்னார். சேலையை விலக்கிப் பார்த்தால், கவிழ்த்த வாளியில் ஏறி அந்தக் கயிற்று வளையத்துக்குள் தலையை விட்ட பிள்ளை, வாளி சரிந்து கால் நழுவி நிற்கிறான். ஒரு பாதம் நிலத்தில்தான் இருந்தது. இருந்தும் கழுத்து இறுகிவிட்டது. அக்கா அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கயிற்றை விடுவித்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தான். கழுத்தில் ஒரு சிவந்த கோடு மட்டும். ஆஸ்பத்திரியிலும் காட்டினார்கள்.

சகோதரிகளே, கவனக்குறைவான பெண் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ஊரில் பிள்ளைகளை நம்பி விடத்தக்க வீடு எது என்று கேட்டால் அவர் வீட்டைத்தான் காட்டுவார்கள். பிள்ளைகளிடமிருந்து பத்தடி தூரத்தில்தான் அவர் நின்றார். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

ஏன் இந்த வீடுகள் பெருகின?

முன்பு தீவுப்பகுதியில் பிள்ளையைப் பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு வேலிக்கு அப்பால் அம்மம்மா, இன்னொரு வேலிக்கு அப்பால் பெரியம்மா. 1990இல் போர் அந்த வேலிகளைப் பிரித்துப் போட்டது. தீவுப்பகுதிக் குடும்பங்கள் ஊரைவிட்டுச் சிதறின. அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் பிற இடங்களிலும் அகதிகளானார்கள். திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்களும் உண்டு. பாட்டி கொழும்பில், சாச்சி புத்தளத்தில், மாமி லண்டனில் என்று ஆன பிறகு, வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை அயல்வீட்டில் விடுகிறாள். அயல்வீட்டுப் பெண்ணுக்கும் அது ஒரு வருமானம். பெயர்ப்பலகை இல்லை, எழுத்து இல்லை, வாய்ச்சொல்லும் நம்பிக்கையும்தான்.

நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்போம். அமானிதங்களிலெல்லாம் பெரியது அடுத்தவர் பெற்ற பிள்ளை. சொந்தப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் பிள்ளை பார்க்கும் வீட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சொந்தப் பிள்ளைக்கு வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் பழக்கம். வந்த பிள்ளைக்கு எல்லாமே புதிது. எல்லாமே விளையாட்டுப் பொருள். வயதும் பலவிதம். ஐந்து வயதுப் பிள்ளை செய்வதை இரண்டு வயதுப் பிள்ளை செய்யப் பார்க்கும். துவைக்கும் உடுப்பும் அதிகம். ஆகவே கொடியில் செலவாகும் நேரமும் அதிகம்.

சேலை திரையாகும்

கொடியின் முதல் ஆபத்து கயிற்றில் இல்லை, அதில் போட்ட உடுப்பில் இருக்கிறது. ஐந்தரை மீற்றர் நீளச் சேலை ஒன்றை விரித்துப் போட்டால் முற்றத்தின் நடுவே ஒரு மதில் எழுந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு படுக்கை விரிப்பு, இரண்டு சாரம், ஒரு அபாயா. இந்த மதிலுக்கு இந்தப் பக்கம் நீங்கள். அந்தப் பக்கம் பிள்ளைகள். உங்கள் இரு கைகளும் மேலே, கண்களும் மேலே. பிள்ளைகளோ கீழே.

சத்தம் கேட்டால் ஓடலாம் என்று நினைக்கிறோம். கழுத்து இறுகிய பிள்ளையால் கத்த முடியாது. மூச்சுக்குழலும் இரத்தக் குழாய்களும் அழுந்தினால் பத்துப் பதினைந்து விநாடிகளுக்குள் நினைவு தப்பலாம். சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். தண்ணீரில் மூழ்கும் பிள்ளையும் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் மூழ்குகிறது. ஆகவே பிள்ளை பார்க்கும் பெண் காதை நம்பக்கூடாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வருவதற்கு முன்போ, அவர்கள் வீடு திரும்பிய பிறகோ கொடிக்குப் போங்கள். இடையில் போகத்தான் வேண்டுமென்றால், நீளமானவற்றை வேலியோரக் கொடியில் போடுங்கள். முற்றத்துக் கொடியில் சின்ன உடுப்புகள் மட்டும். அப்போது கொடிக்குக் கீழே பிள்ளைகளின் கால்களாவது தெரியும். கைக்குழந்தை தூங்கும் நேரம் பெரிய பிள்ளைகளும் வீட்டுக்குள் இருக்கும் நேரமானால், துணையாள் ஒருவர் அவர்களோடு இருக்கும்போது மட்டும் வெளியே போங்கள்.

கழுத்துக்கு எட்டும் கயிறு

சின்னப் பிள்ளைக்குத் தலை கனம், கழுத்துத் தசை பலவீனம், மூச்சுக்குழல் மென்மை. கயிறு கழுத்தில் பட்டுச் சாய்ந்தால் தன் உடம்பைத் தானே தூக்கி நிமிர்த்த அதற்குப் பலம் போதாது. கால் நிலத்தில் இருந்தாலும், முழங்காலில் இருந்தாலும் ஆபத்துத்தான். "உயரத்தில் தொங்கினால்தானே" என்று நினைப்பது பெரிய தவறு.

ஆகவே முதல் விதி: கொடியிலிருந்து எந்தக் கயிறும் கீழே தொங்கக்கூடாது. மிஞ்சியதை வெட்டிவிடுங்கள். வளையம் ஒன்றும் விடாதீர்கள். இங்கிலாந்தில் ஜன்னல் திரைகளின் இழுகயிற்றில் பிள்ளைகள் சிக்கி இறந்ததால், அந்தக் கயிறுகளை நிலத்திலிருந்து குறைந்தது 1.5 மீற்றர் உயரத்தில் சுற்றிக் கட்டச் சொல்கிறார்கள். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. நம் முற்றத்துக்கும் அதே அளவை வைத்துக்கொள்வோம். ஆனால் பிள்ளை ஏறக்கூடிய வாளி, உரல், கதிரை, கல் எதுவும் கொடிக்குக் கீழே இருக்கக்கூடாது. ஏறிவிட்டால் ஐந்தடி இரண்டடியாகிவிடும்.

இரண்டாவது, கொடியின் உயரம். உடுப்பின் பாரத்தில் தொய்ந்த பிறகும் பெரியவரின் தலைக்கு மேல் நிற்க வேண்டும். பகலில் தொய்ந்து பிள்ளையின் கழுத்தளவுக்கு வரும் கொடியில், ஓடிவரும் பிள்ளை மோதினால் என்ன ஆகும்? மூன்று சில்லுச் சைக்கிள் ஓட்டும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நடுவில் கவட்டுத் தடி முட்டுக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் அதன் அடி மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும். சும்மா சாய்த்து வைத்த தடி, பிள்ளை இழுத்தால் அதன் தலையில்தான் விழும்.

மூன்றாவது, மீன்பிடித் தங்கூசி. தீவுகளில் இது கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. கொடி அறுந்தால் அவசரத்துக்கு அதைக் கட்டிவிடுகிறோம். வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது; கழுத்தில் பட்டால் கத்திபோல் வெட்டும். தங்கூசி கடலுக்கு, முற்றத்துக்கு வேண்டாம்.

நான்காவது, கொடியில் தொங்கும் நீள் துணி. சேலை முந்தானை, துப்பட்டா, முக்காட்டுத் துணி, பாவாடை நாடா. இவற்றை மடித்துப் போட்டு, இரு முனைகளிலும் கிளிப் குத்துங்கள். நாடாக்களை முடிந்து விடுங்கள். விளையாடும் சிறுமியின் முக்காடு சுற்றிக் கட்டும் நீள் துணியாக இல்லாமல், இழுத்தால் கழன்றுவரும் சின்னத் துணியாக இருக்கட்டும்.

கொடியில் ஏணை கட்டும் வழக்கமும் உண்டு. வேண்டாம், சகோதரிகளே. ஏணையைக் கைக்குழந்தைக்கென்றுதான் கட்டுகிறோம். அதை ஊஞ்சலாக்குவது ஏழெட்டு வயதுப் பிள்ளை. உள்ளே இருந்து சுற்றச் சுற்றச் சேலை முறுகிக் கழுத்தை நெரிக்கிறது. தமிழ்நாட்டில் தூளி என்று சொல்லும் இதே சேலைத் தொட்டிலில் பிள்ளைகள் இறந்த செய்திகள் அங்குள்ள நாளிதழ்களில் பலமுறை வந்திருக்கின்றன. குழந்தை எழுந்ததும் ஏணையை அவிழ்த்து மேலே சுருட்டிக் கட்டிவிடுவதே பாதுகாப்பு.

முறுக்கிக் கட்டினால் முறியும்

கொடி தொய்யாமலிருக்க நாம் என்ன செய்கிறோம்? இழுத்து, முறுக்கிக் கட்டுகிறோம். அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆறு மீற்றர் நீளக் கொடியின் நடுவில் 15 கிலோ எடையுள்ள பிள்ளை தொங்குகிறது என்று வையுங்கள். கயிறு 30 சென்ரிமீற்றர் இறங்கினால் ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 75 கிலோ இழுவை விழும். இன்னும் முறுக்கிக் கட்டி 15 சென்ரிமீற்றர் மட்டும் இறங்கும்படி செய்தால் அந்த இழுவை 150 கிலோவாகிவிடும். பிள்ளையின் எடை மாறவில்லை. கம்பம் தாங்க வேண்டிய பாரம் பத்து மடங்காகிவிட்டது!

கம்பம் எதுவென்று இப்போது பாருங்கள். முருங்கை முறியும் மரம். அதில் கொடி கட்டவே கூடாது. இரும்புக் குழாய் வெளியே நன்றாகத் தெரியும். ஆனால் கடல் சூழ்ந்த தீவில் உப்புக்காற்று அதை மண்ணோடு சேரும் இடத்தில் தின்றுவிடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை அடியில் மண்ணை விலக்கிப் பாருங்கள். அரை இடிந்த மதிலிலும், கைவிடப்பட்ட பழைய வீட்டுத் தூணிலும் கட்டாதீர்கள். முற்றிய பனையும் வேரூன்றிய வேம்பும் நல்ல கம்பங்கள். நைலோன் கயிறு வெயிலில் வெளிறி, தொட்டால் தூளுதிரும் நிலைக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். சோளகக் காற்று தொடங்குவதற்கு முன் ஒருதடவை, வாடைக்கு முன் ஒருதடவை என்று பழக்கப்படுத்திக்கொண்டால் மறக்காது.

கம்பி வேண்டாம்

இனிச் சொல்லப்போவது பிள்ளையை மட்டுமல்ல, உங்களையும் கொல்லக்கூடியது. கம்பியில் கட்டிய கொடி.

கம்பி அறுவதில்லை, தொய்வதில்லை என்று பலரும் அதை விரும்புகிறார்கள். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். கொடியில் மின்சாரம் பாய்ந்து, உடுப்பு எடுக்கப்போன பெண்ணும் அவளைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்தே இறந்த செய்திகள் இலங்கையிலும் இந்தியாவிலும் புதியவையல்ல. மின்சாரம் கொடிக்கு எப்படி வருகிறது? கிணற்றடி மோட்டருக்கு வீட்டிலிருந்து வயர் இழுக்கிறோம். கம்பம் நட்டு இழுக்கச் செலவு. கொடிதான் இருக்கிறதே என்று அதிலேயே சுற்றிக் கொண்டுபோகிறோம். வெயிலில் வயரின் தோல் வெடிக்கிறது, காற்றில் ஆடி உரசித் தேய்கிறது. ஒருநாள் உள்ளே இருக்கும் செம்பு கொடிக் கம்பியைத் தொடுகிறது. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஈர உடுப்பு, ஈரக் கை, வெறும் கால், நனைந்த மண். வேறென்ன வேண்டும்?

ஆகவே கொடிக்குத் தும்புக் கயிறோ நைலோன் கயிறோதான். எந்த வயரும் கொடியில் சுற்றப்படக்கூடாது. மின்கம்பத்திலும், அதை இழுத்துப் பிடிக்கும் கம்பியிலும், வீட்டுக்கு மின்சாரம் வரும் இரும்புத் தாங்கியிலும், மின்விளக்குப் போட்ட தகரக் கொட்டிலின் காலிலும் கொடி கட்டாதீர்கள். நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி அம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் தெரிந்த மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

கிணற்றடியிலிருந்து கொடிவரை

துவைக்கும் இடத்துக்கும் காயப்போடும் இடத்துக்கும் நடுவே நீங்கள் எத்தனை தடவை நடக்கிறீர்கள்? ஒவ்வொரு நடையிலும் கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீர் தனியே இருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீர் போதும். தலைகுப்புற விழுந்தால் வாளியிலிருந்து தானாக எழும்ப அதற்குத் தெரியாது. வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் கொடிக்குப் போக வேண்டும். கட்டில்லாத கிணறு இருக்கும் வளவில், கட்டுக் கட்டி மூடி போடும்வரை பிள்ளைகளைப் பார்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கிணற்றுக்கும் விளையாடும் முற்றத்துக்கும் நடுவே பூட்டக்கூடிய படலை ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீரும். அந்தப் படலைக்கு அப்பால், கிணற்றுப் பக்கத்திலேயே கொடியையும் கட்டிவிட்டால் மீதியும் தீரும். கயிறு, தண்ணீர், சலவைத் தூள் எல்லாம் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம்.

கிளிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். உடைந்த கிளிப்பின் துண்டும் சுருளும் தவழும் பிள்ளையின் வாய்க்குள் போகும். அவற்றை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.

அக்கரையில் இருப்பவர்களுக்கு

லண்டனிலும் பாரிஸிலும் இதே தொழிலைச் செய்யும் நம் சகோதரிகள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் வீட்டில் பிள்ளை பார்ப்பவர் பதிவு செய்தாக வேண்டும். எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆறு பேருக்கு மேல் கூடாது; அவர்களிலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் பொதுவாக மூன்று பேர்தான். தோட்டத்தில் என்னென்ன ஆபத்து இருக்கிறதென்று தானே பார்த்துச் சரிசெய்யும் பொறுப்பும் அவருடையது. பிரான்ஸிலும் அரசாங்க அனுமதி பெற வேண்டும்.

அங்குள்ள கொடி குடைபோல் விரியும். அதில் தொங்கிச் சுற்றுவது பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். விரல் நசுங்கவும் கழுத்து மாட்டவும் அதுவே வழி. பிள்ளைகள் தோட்டத்துக்கு வருமுன் அதை மடக்கிக் கட்ட வேண்டும். முடிந்தால் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். கழற்றினால் நிலத்துக் குழியை மூடிவிடுங்கள். சட்டம் அங்கே சொல்லித் தருகிறது. இங்கே நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆபத்து நேர்ந்துவிட்டால்

கயிற்றில் பிள்ளை சிக்கியிருந்தால் முதலில் முடிச்சை அவிழ்க்கப் பார்க்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக் கழுத்தின் பாரத்தைக் குறையுங்கள். பிறகு கயிற்றை விலக்குங்கள் அல்லது வெட்டுங்கள். எட்டும் இடத்தில், ஆனால் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கத்தரிக்கோல் இருக்கட்டும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. கையால் செய்துதான் பழக வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் இந்தப் பயிற்சியைத் தருகின்றன. பிள்ளை பார்க்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது போக வேண்டும்.

மின்சாரம் தாக்கியவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச்சை நிறுத்துங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018இலிருந்து வட மாகாணத்திலும் இந்தச் சேவை இருக்கிறது. பிள்ளை எழுந்து விளையாடினாலும் ஆஸ்பத்திரியில் காட்டாமல் இருக்காதீர்கள். கழுத்தின் உள்வீக்கம் பிறகும் வரலாம். நெடுந்தீவு, நயினாதீவு போன்ற இடங்களில் படகு ஏறித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அங்கே வருமுன் காப்பதைவிட வேறு மருந்தில்லை.

அந்த அக்காவின் கதைக்குத் திரும்புவோம். அன்று பின்னேரம் தாய் வந்தபோது, கோட்டை மறைத்துச் சட்டைக் கொலரை இழுத்துவிட அவரால் முடிந்திருக்கும். ஆனால் அவர் படலையிலேயே நின்று சொன்னார்: "தங்கச்சி, இண்டைக்கு உன்ரை பிள்ளை என்ரை கையிலையிருந்து போகப் பாத்தது."

தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றே அக்கா நினைத்திருந்தார். மறுநாள் சனிக்கிழமை. தாய் வந்தார். கையில் புதுக் கயிறு ஒரு சுருள். "அக்கா, என்ரை வீட்டுக் கொடியும் இப்பிடித்தான் கிடக்குது. போய்ப் பாத்தனான். வாங்கோ, முதல்லை உங்கடையை மாத்திக் கட்டுவம்."

இருவருமாக முருங்கையிலிருந்து கொடியை அவிழ்த்து, கிணற்றுக்கு அப்பால் இரண்டு பனைகளுக்கு நடுவே கட்டினார்கள். மிஞ்சிய கயிற்றை வெட்டிச் சுருட்டிப் பரணில் வைத்தார்கள். பிள்ளை இப்போதும் அந்த வீட்டுக்குத்தான் வருகிறான்.

சகோதரிகளே! நீங்கள் பிள்ளை பார்ப்பவரானால் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போங்கள். நீங்கள் பிள்ளையை விடும் தாயானால், நாளைக் காலை இரண்டு நிமிடம் முன்னதாகப் போய்க் கொடியைப் பாருங்கள். குறை கண்டால் குற்றம் சொல்லாதீர்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கட்ட உதவுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.